கேட்பதற்கு முன் செலவை அறிவோம்: பிக்குவெரி லைப்ரரிக்கு ஒரு தொடக்கப் பாடம்

 

சென்ற மாதம் ஒரு நாள் மஃக்ரிபுக்குப் பின் ஒரு சகோதரர் நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வந்தார். கையில் மகளின் செல்போன். மகள் பி.எஸ்சி. கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். "பாய், இதுல கார்டு நம்பர் கேட்குது. 'குடுக்கலைன்னா படிக்க முடியாது அத்தா'ங்குறா புள்ள. குடுக்கலாமா, வேணாமா?" என்று கேட்டார். திரையைப் பார்த்தோம். கூகுள் கிளவுடின் இலவசச் சோதனைக் கணக்குத் திறக்கும் பக்கம் அது. அந்தப் பெண்ணுக்கு வேண்டியது பிக்குவெரி என்ற ஒரே ஒரு வசதிதான். அதைப் படித்துப் பழக கார்டு தேவையே இல்லை. "குடுக்க வேண்டாம்" என்று சொல்லி, ஏன் என்று விளக்க அரை மணி நேரம் ஆயிற்று. அந்தப் பேச்சைக் கொஞ்சம் விரித்து இம்மாதப் பாடமாக எழுதுகிறோம்.

பாடம் பிள்ளைகளுக்குத்தான். ஆனால் பெற்றோரும் முதல் பாதியையாவது படிக்க வேண்டும். பிள்ளை இரவு பதினொரு மணிக்குக் கணினி முன் அமர்ந்து என்ன செய்கிறது, அதில் வீட்டுப் பணத்துக்கு எங்கே ஆபத்து, எங்கே இல்லை என்பது அவர்களுக்கும் தெரிந்திருப்பது நல்லது.

ஒரு செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நிரல் வரிகளை இவ்விதழில் அச்சிடவில்லை. முன்பு ஒருமுறை அச்சிட்டபோது வரிகள் உடைந்து, மேற்கோள் குறிகள் மாறி, தட்டச்சு செய்து பார்த்த ஒருவருக்குக்கூட ஓடவில்லை. ஆகவே பதினைந்து வரி நிரலைத் தனித் தாளில் எடுத்து அலுவலகத்தில் வைத்திருக்கிறோம். இங்கே எழுதுவது, அந்த வரிகள் ஒவ்வொன்றும் எதற்கு என்பதை.

கிடங்கும் தூதும்

கடையில் பில் போடும் கணினியிலும் ஒரு தரவுத்தளம் இருக்கிறது. அதன் வேலை ஒரு பில், ஒரு வாடிக்கையாளர், ஒரு சரக்கு என்று ஒவ்வொன்றாகப் பதிவதும் எடுப்பதும். ஒரு வங்கி தன் பத்து வருடக் கொடுக்கல் வாங்கல் முழுவதையும் ஒரே மூச்சில் கூட்டிப் பார்க்க விரும்பினால் அந்த வகைத் தரவுத்தளம் திணறும். கோடிக்கணக்கான வரிசைகளைச் சேர்த்து வைத்துக் கூட்டவும் பிரிக்கவும் ஒப்பிடவும் என்றே அமைந்தவற்றை டேட்டா வேர்ஹவுஸ் என்கிறார்கள். தரவுக் கிடங்கு என்று சொல்லிக்கொள்வோம். அந்தக் கிடங்கை நாமே கட்டாமல், ஒரு நிறுவனத்தின் கணினிக் கூடத்தில் வாடகைக்குப் பயன்படுத்தினால் அது கிளவுட் வேர்ஹவுஸ்.

கூகுள் நிறுவனம் தன் உள்வேலைக்கு டிரெமெல் என்ற பெயரில் ஒன்றை வைத்திருந்தது. அதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை 2010இல் வெளியானது. அதே ஆண்டு அதன் வெளி வடிவமாகப் பிக்குவெரி அறிமுகமாகி, 2011இல் எல்லோருக்கும் திறக்கப்பட்டது. அமேசானின் ரெட்ஷிஃப்ட், ஸ்னோஃப்ளேக் ஆகியவையும் இதே தொழிலில் இருப்பவை. ஒன்றை ஒழுங்காகக் கற்றவருக்கு மற்றது அந்நியமாக இருக்காது. பணம் வாங்காமல் பழக விடுவதில் பிக்குவெரி வசதியாக இருப்பதால் அதை எடுத்துக்கொண்டோம்.

கிடங்கிடம் கேள்வி கேட்கும் மொழி எஸ்.க்யூ.எல். நம் வகுப்பில் ஏற்கெனவே படித்ததுதான். அந்தக் கேள்வியைப் பைத்தான் நிரலிலிருந்து எடுத்துச் சென்று, பதிலைத் திருப்பிக் கொண்டுவரும் தூதுதான் லைப்ரரி. கணக்கைச் செய்வது அங்கே உள்ள கணினிகள். ஆகவே வீட்டில் இருப்பது எட்டு வருடப் பழைய மடிக்கணினி என்றாலும் தடையில்லை. ஆனால் லட்சக்கணக்கான வரிசைகளை அப்படியே கீழே இறக்கினால் அந்த மடிக்கணினி நின்றுவிடும். கூட்டுவதையும் வடிகட்டுவதையும் அங்கேயே முடித்து, பத்து இருபது வரி விடையை மட்டும் வாங்கிக்கொள்வதே முறை.

சந்தா நோட்டைப் பத்தியாகக் கிழித்தால்

இந்த ஒரு விஷயம் புரிந்தால் மீதி எல்லாம் எளிது. புரியாவிட்டால் பணம் போகும்.

நம் ஜமாஅத்தின் சந்தா நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தலைக்கட்டுக்கும் ஒரு வரி. வரியில் வீட்டு எண், பெயர், தெரு, மாதம், தொகை. மொத்த வசூல் எவ்வளவு என்று பார்க்க வேண்டுமானால் தொகைப் பத்தி மட்டும் போதும். ஆனாலும் நோட்டின் எல்லாப் பக்கங்களையும் புரட்டியாக வேண்டும். ஏனென்றால் தொகை, பெயரோடும் தெருவோடும் ஒரே வரியில் இருக்கிறது. சாதாரணத் தரவுத்தளம் ஏறக்குறைய இப்படித்தான்.

பிக்குவெரி நோட்டைப் பத்தி பத்தியாகக் கிழித்து, ஒவ்வொரு பத்தியையும் தனி நோட்டாகத் தைத்து வைத்திருக்கிறது. தொகையைக் கேட்டால் தொகை நோட்டு மட்டும் திறக்கும். பெயரும் தொகையும் கேட்டால் இரண்டு நோட்டுகள். எல்லாம் கேட்டால் எல்லா நோட்டுகளும். இப்படி எத்தனை பைட் படித்தது என்பதை வைத்துத்தான் கட்டணம். விடை ஒரே ஒரு எண்ணாக வந்தாலும், திறந்த நோட்டை அது முழுதாகப் படித்திருக்கும்.

இங்கேதான் பிள்ளைகள் ஏமாறுகிறார்கள். கல்லூரியில் சொல்லிக் கொடுத்த பழக்கத்தில், செலக்ட் போட்டு நட்சத்திரக் குறி இட்டு, கடைசியில் லிமிட் 10 என்று எழுதுகிறார்கள். பத்து வரிதானே கேட்டோம் என்று நினைப்பு. சாதாரண அட்டவணையில் லிமிட் என்பது காட்டும் வரிகளைக் குறைக்குமே தவிர, படிக்கும் அளவைக் குறைக்காது. நட்சத்திரம் போட்ட நொடியில் எல்லா நோட்டும் திறந்தாயிற்று.

எவ்வளவு ஆகும்? பிக்குவெரியில் எல்லோரும் பழகுவதற்கென்று வைத்திருக்கும் மாதிரி அட்டவணைகளில் ஒன்று, விக்கிப்பீடியாவின் திருத்தப் பதிவுகள். 31 கோடிக்கும் மேற்பட்ட வரிசைகள், ஏறத்தாழ 36 ஜிபி. நட்சத்திரம் போட்டு லிமிட் 10 என்று கேட்டால் 36 ஜிபியும் கணக்கில் ஏறும். மாதத்துக்கு 1 டெராபைட் வரை இலவசம். அதாவது இந்த ஒரே கேள்வியை மாதத்தில் 28 தடவை கேட்கலாம், அதோடு தீர்ந்தது. மாறாக, ஷேக்ஸ்பியர் நாடகங்களின் சொற்கணக்கு என்ற மாதிரி அட்டவணை ஒன்று உண்டு. அது 1,64,656 வரிசைதான், 6 எம்பி சொச்சம். குறைந்தபட்சக் கணக்கு ஒரு அட்டவணைக்கு 10 எம்பி என்பதால் 10 எம்பி என்று பிடிப்பார்கள். அதை வைத்து மாதம் முழுவதும் விளையாடலாம்.

இலவச அளவைத் தாண்டினால், அமெரிக்கப் பகுதியில் ஒரு டெராபைட்டுக்கு 6.25 டாலர் என்பது 2023 ஜூலையில் வந்த விலை. ஐந்நூறு ரூபாய்க்கு மேல். ஒரு தடவைக்குப் பெரிதாகத் தோன்றாது. ஆனால் நிரல் என்பது திரும்பத் திரும்பச் செய்வதற்காகவே எழுதப்படுவது. ஆயிரம் பெயர்களை ஒவ்வொன்றாகத் தேட ஒரு பிள்ளை ஃபார் லூப் எழுதி, அந்த விக்கிப்பீடியா அட்டவணையில் ஒவ்வொரு சுற்றுக்கும் நட்சத்திரக் கேள்வி ஒன்றை அனுப்பினால், ஏறத்தாழ 35 டெராபைட். இருநூறு டாலருக்கு மேல். பிள்ளை தேநீர் குடித்துவிட்டுத் திரும்புவதற்குள் அது முடிந்திருக்கக் கூடும்.

கார்டு இல்லாத வழி

ஆகவே சாண்ட்பாக்ஸ். 2019இல் பிக்குவெரியில் வந்த ஏற்பாடு இது. ஜிமெயில் கணக்கு இருந்தால் போதும். பில்லிங் கணக்கு இணைக்காமலே ஒரு ப்ராஜெக்ட் உருவாக்கலாம். மாதம் 1 டெராபைட் வரை கேள்விகள், 10 ஜிபி வரை சேமிப்பு. எல்லையைத் தாண்டினால் "ஒதுக்கீடு முடிந்தது" என்று பிழைச் செய்தி வரும். பணம் பிடிக்க அங்கே கார்டே இல்லை. குறை என்றால், நாம் உருவாக்கும் அட்டவணைகள் 60 நாளில் தாமாக அழிந்துவிடும். சில வசதிகள் இயங்காது. படிக்கிற பிள்ளைக்கு இவை குறையே அல்ல.

இலவசச் சோதனைக் கணக்கு என்பது வேறு. அது 300 டாலர் மதிப்புள்ள வரவை 90 நாளுக்குத் தருகிறது. ஆள் அடையாளத்துக்குக் கார்டு கேட்கிறது. காலம் முடிந்ததும் நாமாக மேம்படுத்தினால் ஒழியப் பணம் பிடிப்பதில்லை என்று அந்நிறுவனமே சொல்கிறது. அதில் ஏமாற்று எதுவும் இல்லை. ஆனால் "மேம்படுத்து" என்ற பொத்தானை அவசரத்தில் ஒரு பிள்ளை அழுத்திவிட எத்தனை நேரம் ஆகும்? வீட்டில் ஒரே கார்டு, அதுவும் அத்தாவின் சம்பளக் கணக்குக் கார்டு என்றால் அந்தச் சோதனை வேண்டாம் என்பது நம் கருத்து. பட்ஜெட் எச்சரிக்கை வைத்திருக்கிறோமே என்று சில பிள்ளைகள் சொல்கிறார்கள். அது செலவு எல்லையைத் தொட்டதும் மின்னஞ்சல் அனுப்பும், அவ்வளவுதான். செலவை நிறுத்தாது.

தொடங்கும் விதம்

ப்ராஜெக்ட் உருவாக்கும்போது அதற்கு ஒரு பெயரும் ஒரு ஐடியும் உண்டு. இரண்டும் ஒன்றல்ல. பெயர் நம் விருப்பம். ஐடி உலகில் வேறு யாருக்கும் இல்லாதது, பிறகு மாற்ற முடியாதது, பெரும்பாலும் பின்னால் சில எண்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். நிரலில் எழுத வேண்டியது ஐடி. நம் வகுப்பில் முதல் நாள் வந்த பிழைகளில் பாதி, பெயரை எழுதியதால் வந்தவை.

நிரலை எழுத இரண்டு இடம் உண்டு. சொந்தக் கணினியில் பைத்தான் நிறுவி, பிப் மூலம் பிக்குவெரி லைப்ரரியை இறக்கிக்கொள்வது ஒன்று. அல்லது பிரவுசரிலேயே கூகுள் கோலாப் திறந்துகொள்வது. கோலாபில் லைப்ரரி முன்பே இருக்கிறது, நிறுவ வேண்டியதில்லை. முதல் மாதத்துக்குக் கோலாப் போதும். நம் மையத்துக் கணினியிலும் அதையே பயன்படுத்துகிறோம். ஆனால் பொதுக் கணினியில் வேலை முடிந்ததும் ஜிமெயிலிலிருந்து வெளியேறிவிட்டு எழுந்திருங்கள்.

அடுத்து, கேட்பவர் யார் என்று நிரூபிக்க வேண்டும். கோலாபில் இதற்கு இரண்டே வரி. அவற்றை ஓட்டினால் ஒரு பெட்டி தோன்றி அனுமதி கேட்கும். சொந்தக் கணினியில் ஜிகிளவுட் என்ற கருவியை நிறுவி, அதன் உள்நுழைவுக் கட்டளையை ஒருமுறை கொடுத்தால் போதும். மூன்றாவதாக ஒரு வழியைப் பல காணொளிகள் காட்டுகின்றன. சர்வீஸ் அக்கவுண்ட் என்று ஒன்றை உருவாக்கி, ஜேசான் வடிவில் ஒரு சாவிக் கோப்பை இறக்கி, நிரலோடு வைத்துக்கொள்வது. தொடக்கத்தில் இதைத் தொடவே வேண்டாம். அந்தக் கோப்பு யார் கையில் இருக்கிறதோ அவர் அந்தக் கணக்கின் ஆள். கடவுச்சொல் கேட்காது, ஓடிபி கேட்காது. நம்மிடம் படித்த ஒரு பிள்ளை தன் நிரலை நண்பர்களுக்குக் காட்ட முழு ஃபோல்டரையும் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான். உள்ளே சாவியும் போயிற்று. நல்லவேளை, அன்றிரவே அவனுக்கு உறைத்து, சாவியை ரத்து செய்தான். கிட்ஹப்பில் பொதுவில் போட்டிருந்தால் நிலைமை வேறு. அங்கே இப்படிப்பட்ட சாவிகளைத் தேடி எடுப்பதற்கென்றே நிரல்களை ஓட விட்டிருக்கிறார்கள்.

பிறகு லைப்ரரியை இம்போர்ட் செய்து, கிளையன்ட் என்ற ஒன்றை உருவாக்குகிறோம். அதற்குள்தான் ப்ராஜெக்ட் ஐடியைத் தருகிறோம். இந்த வரியின் பொருளைப் பிள்ளைகள் கவனிப்பதில்லை. பொது அட்டவணைகளை வைத்திருக்கும் செலவு கூகுளுடையது. அவற்றிடம் கேள்வி கேட்கும் செலவு கேட்பவருடையது. யார் பேரேட்டில் எழுத வேண்டும் என்று சொல்லும் வரிதான் இது.

ஓட்டாமல் ஓட்டுவது

இப்போது கேள்வி. பழகுவதற்கு ஏற்ற அட்டவணை ஒன்று: அமெரிக்காவில் 1910 முதல் 2013 வரை பிறந்த குழந்தைகளின் பெயர்கள். அந்நாட்டுச் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் வெளியிடும் தரவு. மாநிலம், பாலினம், ஆண்டு, பெயர், எண்ணிக்கை என்று ஐந்து பத்திகள். 55,52,452 வரிசைகள்.

கேள்வியை எழுதியதும் ஓட்டாதீர்கள். லைப்ரரியில் டிரை ரன் என்ற ஏற்பாடு இருக்கிறது. ஜாப் கான்ஃபிக் என்ற அமைப்பில் அதை ட்ரூ என்று வைத்து அனுப்பினால், கிடங்கு கேள்வியைச் சரிபார்த்து, "இதை ஓட்டினால் இத்தனை பைட் படிப்பேன்" என்று மட்டும் சொல்லும். ஓட்டாது. கட்டணமும் இல்லை. எழுத்துப் பிழை இருந்தால் அதையும் இப்போதே சொல்லிவிடும். சென்ற 24 மணி நேரத்துக்குள் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் சேமித்த விடையை இலவசமாகத் தரும் பழக்கம் கிடங்குக்கு உண்டு. ஆகவே சரியான அளவு தெரிய வேண்டுமானால் அந்தச் சேமிப்பைப் பயன்படுத்தாதே என்றும் ஒரு வார்த்தை சேர்க்க வேண்டும். தாளில் சேர்த்திருக்கிறோம்.

அது சொல்லும் எண்ணை அப்படியே நம்பாமல் கையால் போட்டுப் பாருங்கள். முழு எண் பத்தியில் ஒவ்வொரு மதிப்புக்கும் 8 பைட். ஆகவே எண்ணிக்கைப் பத்தியை மட்டும் கூட்டச் சொன்னால் 55,52,452ஐ 8ஆல் பெருக்க வேண்டும். 4,44,19,616 பைட், அதாவது 42 எம்பி சொச்சம். எழுத்துப் பத்திக்கு ஒவ்வொரு மதிப்புக்கும் 2 பைட், அதோடு எழுத்துகளின் அளவு. மாநிலத்தின் பெயர் இரண்டு ஆங்கில எழுத்தாகச் சுருக்கப்பட்டிருப்பதால் ஒரு வரிக்கு 4 பைட். அந்தப் பத்தி 21 எம்பி. மாநிலவாரியாக எண்ணிக்கையைக் கூட்டச் சொன்னால் இரண்டும் சேர்ந்து 63 எம்பி அல்லது 64. டிரை ரன்னும் அந்த அளவைத்தான் சொல்ல வேண்டும். சொன்னதும் பிள்ளைகள் முகத்தில் ஒரு வெளிச்சம் வருகிறது. மந்திரம் எதுவும் இல்லை, பெருக்கல்தான் என்று தெரிந்துவிடுகிறது.

தமிழில் தரவு சேமிப்பவர்கள் கவனிக்க: ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 1 பைட் என்றால், தமிழில் ஒவ்வொரு எழுத்துக்கும், காலுக்கும், கொம்புக்கும், புள்ளிக்கும் தனித்தனியே 3 பைட். ஃபாத்திமா என்ற பெயர் ஆங்கிலத்தில் ஆறு எழுத்து, 8 பைட் ஆகும். தமிழில் 29. இதற்காகத் தமிழில் எழுதாமல் இருக்க வேண்டாம், கணக்கு தெரிந்திருந்தால் போதும்.

டிரை ரன் பார்த்துத் திருப்தியான பிறகும் ஒரு பூட்டு உண்டு. மேக்ஸிமம் பைட்ஸ் பில்ட் என்ற அமைப்பு. அதில் ஒரு உச்ச எண் எழுதிவிட்டால், கேள்வி அதற்கு மேல் படிக்கும் என்று தெரிந்ததும் கிடங்கு அதை ஓட்டாமல் திருப்பி அனுப்பிவிடும். கட்டணம் இல்லை. நம் தாளில் 100 எம்பி என்று, அதாவது 10,48,57,600 என்று எழுதியிருக்கிறோம். சோதனையாக, அதே நிரலில் அட்டவணைப் பெயரை மட்டும் மாற்றி விக்கிப்பீடியா அட்டவணையை நட்சத்திரம் போட்டுக் கேட்டுப் பாருங்கள். பிழைச் செய்தி வரும். ஒவ்வொரு பிள்ளையும் அந்தப் பிழையை ஒரு தடவையாவது கண்ணால் பார்க்க வேண்டும். பூட்டு வேலை செய்கிறது என்று அப்போதுதான் நம்பிக்கை வரும். வேலைக்குப் போய், நிறுவனத்தின் கணக்கில் கேள்வி கேட்கும் நாளிலும் இந்த வரி கை தவறாமல் வர வேண்டும்.

அதன் பிறகு ஓட்டலாம். குவெரி என்ற கட்டளை கேள்வியை அனுப்பிவிட்டுக் காத்திருக்காமல் திரும்பிவிடும். ரிசல்ட் என்ற கட்டளைதான் விடை வரும்வரை காத்திருக்கிறது. விடையை வரி வரியாக ஒரு லூப்பில் அச்சிடலாம். பாண்டாஸ் அட்டவணையாக வேண்டுமென்றால் அதற்கும் ஒரு கட்டளை இருக்கிறது. சொந்தக் கணினியில் அதற்கு இன்னும் இரண்டு சிறு லைப்ரரிகள் வேண்டியிருக்கும்.

பெயர் தேடும்போது

இந்த அட்டவணை கிடைத்ததும் நம் பிள்ளைகள் முதலில் என்ன தேடுவார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. முஹம்மது என்ற பெயர் அமெரிக்காவில் எத்தனை பிள்ளைகளுக்கு? ஒருவன் ஓர் எழுத்துக்கூட்டலில் தேடி ஒரு விடை சொன்னான். பக்கத்தில் இருந்தவன் வேறு கூட்டலில் தேடி வேறு விடை சொன்னான். இருவருக்கும் வாக்குவாதம். அதே பெயர் ஆங்கிலத்தில் ஐந்தாறு விதமாக எழுதப்படுகிறது. கணினிக்கு அவை ஐந்தாறு வெவ்வேறு பெயர்கள்.

இங்கேதான் லூப் போட்டு ஒவ்வொரு கூட்டலையும் தனித்தனிக் கேள்வியாக அனுப்பும் ஆசை வரும். கூடாது. ஒவ்வொரு கேள்வியும் பெயர்ப் பத்தியை முதலிலிருந்து கடைசிவரை மீண்டும் படிக்கும். எல்லாக் கூட்டல்களையும் ஒரு பட்டியலாக்கி, அர்ரே குவெரி பாராமீட்டர் என்ற வடிவில் ஒரே கேள்வியோடு அனுப்பலாம். பத்தி ஒரே தடவைதான் படிக்கப்படும். விடை கூட்டல்வாரியாகப் பிரிந்து வரும்.

பாராமீட்டர் என்பதைச் செலவுக்காக மட்டும் சொல்லவில்லை. பயனர் தட்டச்சு செய்யும் பெயரை எஸ்.க்யூ.எல் வாக்கியத்துக்குள் நேரடியாக ஒட்டக் கூடாது. மஸ்ஊத், ஸஈத் போன்ற பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் ஒரு ஒற்றை மேற்கோள் குறி வருமே, அது வாக்கியத்தை அங்கேயே முடித்துவிடும். கேள்வி உடையும். கெட்ட எண்ணம் உள்ளவர் அதே ஓட்டை வழியாகத் தன் கட்டளையை நுழைத்துவிடுவார். வாக்கியத்தில் அட் குறி போட்டு ஓர் இடத்தை மட்டும் விட்டு, மதிப்பைத் தனியே பாராமீட்டராகத் தந்தால் இரண்டும் நடக்காது. இன்று பழகாத பிள்ளை நாளை ஒரு மருத்துவமனைக்கோ வங்கிக்கோ நிரல் எழுதும்போதும் பழகாமலேயே எழுதும்.

இன்னொன்று. ஒரு மாநிலத்தில் ஓர் ஆண்டில் ஐந்துக்குக் குறைவான குழந்தைகளுக்கு வைக்கப்பட்ட பெயரை அந்த நிர்வாகம் வெளியிடுவதில்லை, தனிநபர் அடையாளம் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக. ஆகவே சிறுபான்மைச் சமுதாயங்களின் பெயர்களுக்கு இந்த அட்டவணை தரும் கூட்டுத்தொகை உண்மையைவிடக் குறைவாகவே இருக்கும். விடை எதுவும் வராவிட்டால் அப்பெயரில் யாருமே இல்லை என்று பொருளல்ல. கேள்வி கேட்கும் முன், தரவு எப்படிச் சேர்க்கப்பட்டது, எது விடப்பட்டது என்று படித்துவிட வேண்டும். பட்டம் பெற்றவர்களும் தவறும் இடம் இது.

அதே காரணத்தால் நம் வகுப்பில் ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறோம். பழகுவதற்காக நம் அறக்கட்டளையின் கல்வி உதவி, மருத்துவ உதவி பெறுவோர் பட்டியலை ஏற்றிப் பார்க்கலாமா என்று ஆர்வத்தோடு ஒரு மாணவி கேட்டாள். மாட்டோம் என்றோம். உதவி கேட்டு வந்தவர் தன் நிலையை நம்மிடம் சொன்னது நம்மை நம்பி. அது பயிற்சிப் பொருள் அல்ல. பொதுத் தரவு கொட்டிக் கிடக்கிறது, அதில் பழகலாம்.

சில சிறு இடறல்கள்

அட்டவணையின் முழுப் பெயரைச் சுற்றி இட வேண்டியது சாதாரண மேற்கோள் குறி அல்ல. கீபோர்டில் 1 என்ற எண்ணுக்கு இடப்பக்கம் இருக்கும் பின்சாய்ந்த குறி. வேர்ட் கோப்பிலிருந்து நிரலை நகல் எடுத்தால் மேற்கோள் குறிகள் வளைந்துவிடும், பைத்தான் ஏற்காது.

நம் சொந்த அட்டவணையை ஏற்றும்போது எந்தப் பகுதியில் வைப்பது என்று கேட்கும். மும்பை அருகில் இருக்கிறதே என்று அதைத் தேர்ந்தெடுப்பார்கள். மேலே சொன்ன பொது அட்டவணைகள் அமெரிக்கப் பகுதியில் இருக்கின்றன. இரண்டையும் ஒரே கேள்வியில் இணைத்தால், கண்ணெதிரே இருக்கும் அட்டவணையை "அந்த இடத்தில் காணவில்லை" என்று சொல்லும். பழகும்போது இரண்டையும் அமெரிக்கப் பகுதியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுப் பயிற்சி: பெயர் அட்டவணையில் பாலினப் பத்தி ஒரே ஓர் ஆங்கில எழுத்து. அதையும் எண்ணிக்கையையும் மட்டும் கேட்டால் எத்தனை பைட் ஆகும் என்று முதலில் தாளில் போடுங்கள். பிறகு டிரை ரன் செய்து ஒப்பிடுங்கள். அதன் பிறகு கேள்வியின் கடைசியில் லிமிட் 1 சேர்த்து மறுபடி டிரை ரன் செய்யுங்கள். மூன்று எண்களையும் எழுதி எடுத்து வாருங்கள்.

நிரல் தாள் அலுவலகத்தில் அஸருக்கும் மஃக்ரிபுக்கும் இடையே கிடைக்கும், கட்டணம் இல்லை. அடுத்த வகுப்பு, இன்ஷா அல்லாஹ், ஞாயிறு காலை பத்து மணிக்கு. பெண் பிள்ளைகளுக்கு வழக்கம்போல் மாடியில் தனி வகுப்பு. வருபவர்கள் தங்கள் ஜிமெயில் கடவுச்சொல்லை நினைவில் வைத்துக்கொண்டு வரவும். மறந்தவர்கள் வீட்டிலேயே மீட்டுவிட்டு வரவும். சென்ற வகுப்பில் முதல் முக்கால் மணி நேரம் அதற்கே போயிற்று.